பழைய கீசரில் பயோடீசல் காய்ச்சலாமா? மண்டபத்திலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மச்சானுக்கு ராமேஸ்வரத்தில் ஓட்டல் இருக்கிறது, பொரித்த எண்ணெய் வாராவாரம் மிஞ்சுகிறது. மாமாவிடம் டீசல் இன்ஜின் பூட்டிய ஃபைபர் வள்ளம் இருக்கிறது. பழைய கீசர் ஒன்றும் வீட்டில் சும்மா கிடக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குள் பயோடீசல் தயாரிக்கும் கருவியை நாமே செய்துவிட முடியுமா என்பது கேள்வி. கேட்டது கருவியைப் பற்றித்தான் என்றாலும், அவருக்கு வேண்டியது வள்ளத்துக்குக் குறைந்த செலவில் எரிபொருள். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் வேதிப் பொறியியல் படித்தவன். புங்கம் எண்ணெயிலும் ஓட்டல் எண்ணெயிலும் பயோடீசல் எடுக்கும் ஒரு சிறு ஆலையில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். எனக்குப் பழக்கமானவை ஒற்றை, இரட்டை சிலிண்டர் டீசல் இன்ஜின்கள். புதிய கார்களில் வரும், எரிபொருளை உயர் அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் (common rail) இன்ஜினுக்கு நான் சொல்வதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். முதலில் சுருக்கமாக: கருவியை அந்தப் பணத்துக்குள் செய்யலாம், அதில் பெரிய வித்தை இல்லை. இந்த வினைக்கு வேண்டிய மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலைச் சட்டப்படி வாங்கி வைத்திருப்பதுதான் நம் மாநிலத்தில் பெரிய விஷயம். அடுத்த சிக்கல் நம் ஊர்த் தண்ணீர். கடைசியாக, கடலுக்குப் போகும் இன்ஜினில் இதை ஊற்றலாமா என்ற கேள்வி. அதற்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

பொரித்த எண்ணெயை வடிகட்டி அப்படியே டீசலில் கலந்து ஊற்றினால் என்ன என்று பலரும் கேட்பார்கள். இன்ஜின் ஓடும், அதில் சந்தேகமில்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். பிரச்சினை கெட்டித்தன்மையில் இருக்கிறது. 40 டிகிரி சூட்டில் டீசலின் பிசுபிசுப்பு, சென்டிஸ்டோக் என்ற அலகில், 2 முதல் 4.5 என்றால், சமையல் எண்ணெய்க்கு அது 35, 40 என்று போகும். நாசில் அதைச் சரியாகத் தூவ முடியாது. எரியாமல் மிஞ்சுவது நாசில் முனையில் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங்குகளைப் பிடித்துக்கொள்ளும், கீழே இறங்கி இன்ஜின் ஆயிலையும் கெட்டியாக்கும். சில மாதம் நன்றாக ஓடிவிட்டு ஒருநாள் மொத்தமாகச் செலவு வைக்கும். எண்ணெயை மெத்தனாலோடு, கொஞ்சம் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) சேர்த்து வினைபுரியச் செய்தால் எண்ணெய் மூலக்கூறு உடைந்து கிளிசரின் பிரிந்துவிடும். மிஞ்சுவதுதான் பயோடீசல். அதன் பிசுபிசுப்பு 4, 5 அளவுக்கு வந்துவிடும்.

இப்போது மெத்தனால். 100 லிட்டர் எண்ணெய்க்கு 20 லிட்டர் மெத்தனால் வேண்டும், இதைக் குறைக்க வழியில்லை. இணையத்தில் நீங்கள் பார்க்கும் கீசர் கருவி அமெரிக்காவில் 'ஆப்பிள்சீட்' என்ற பெயரில் பரவிய வடிவம். அங்கே மெத்தனாலைப் பந்தயக் கார் எரிபொருளாகவே கடையில் வாங்கிவிடலாம். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. 1959-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்த மெத்தனால் எத்தனை உயிர்களை எடுத்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். இதற்குப் பிறகு உரிமம் இல்லாமல் ஒரு கேன் மெத்தனாலோடு பிடிபடுபவர் பயோடீசல் செய்யத்தான் வைத்திருந்தேன் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் ஆபத்து அப்படியே இருக்கிறது. 10 மில்லி உள்ளே போனால் பார்வை போகலாம், 30 மில்லியில் உயிரே போகலாம். தோல் வழியாகவும் ஆவி வழியாகவும் ஏறும். பார்ப்பதற்குத் தண்ணீர் போல, முகர்ந்தால் சாராயம் போல இருக்கும். கடலிலிருந்து களைத்து வருபவர்கள் புழங்கும் ஒரு கொட்டகையில் அந்தக் கேன் பூட்டில்லாமல் இருக்கவே கூடாது. எத்தனாலை வைத்துச் செய்யலாமே என்று கேட்காதீர்கள். அதற்கும் உரிமம் வேண்டும், வினையும் இதைவிடக் கடினம்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது: முதல் பணம் கருவிக்குப் போகக் கூடாது. பக்கத்தில் இருக்கும் பாலிடெக்னிக் அல்லது பொறியியல் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உரிமத்தோடு மெத்தனால் வைத்திருந்தால், உங்கள் மச்சான் கடை எண்ணெயை ஒரு லிட்டர் எடுத்துப்போய் அங்கே ஆசிரியர் முன்னால் செய்து பாருங்கள். மாணவர்களுக்கு அது நல்ல புராஜெக்ட் ஆகும், ஆசிரியர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அது சரியாக வந்த பிறகு, உரிமம் எடுப்பது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். உரிமம் கையில் வந்த பிறகு கீசரைத் தொடலாம்.

கருவிக்கு வருவோம், இதில் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் கீசரின் உள்தொட்டி எதனால் ஆனது என்று பாருங்கள். பழைய கீசர்கள் பலவற்றில் செம்புத் தொட்டி இருக்கும். செம்பு பயோடீசலைச் சீக்கிரம் கெடுக்கும், அதை எடைக்குப் போட்டுவிடுங்கள். கண்ணாடிப் பூச்சு உள்ள இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி என்றால் நல்லது. உள்ளே துருவைத் தடுக்க மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும், அதைக் கழற்றிவிட்டு அந்தத் துளையை அடைத்துவிடுங்கள். சுவரில் நேராக மாட்டும் நம் ஊர்க் கீசரில் தண்ணீர் உள்ளே போகும் வழி, வெளியே வரும் வழி இரண்டும் அடியில்தான் இருக்கும். வெளியே வரும் குழாய் மட்டும் உள்ளுக்குள் மேல்வரை நீண்டிருக்கும். இந்த அமைப்பு நமக்கு வசதி. அடிவழியில் பம்ப் உறிஞ்சி, நீண்ட குழாய் வழியாக மேலே திருப்பி ஊற்றினால் எண்ணெய் தானாகச் சுற்றும், தனியாகக் கலக்கி தேவையில்லை. வினை முடிந்ததும் கிளிசரின் அடியில்தான் தங்கும், அதே அடிவழியில் திறந்துவிடலாம். தலைப்பகுதியில் ஒரு காற்றுப் போக்கிக் குழாய் கட்டாயம் வேண்டும், அதன் வாயை ஆள் உயரத்துக்கு மேலே, கொட்டகைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். மூடிய தொட்டியில் மெத்தனாலைச் சூடாக்குவது வெடிகுண்டு செய்வதற்குச் சமம்.

பம்புக்கு வீட்டுத் தண்ணீர் மோட்டார், அரை எச்.பி. போதும். அதன் உள்ளே இருக்கும் பித்தளை, சுற்றும் ஓரிரு மணி நேரத்துக்குத் தாங்கும். ஆனால் பயோடீசலை அதிலேயே நிறுத்தி வைக்காதீர்கள். ஜி.ஐ. பைப் கூடாது, அதிலுள்ள துத்தநாகம் வினைபுரியும். அலுமினியம் எங்கேயும் கூடாது. காஸ்டிக் பட்டால் அது ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். வால்வுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்ளே டெஃப்லான் வைத்தது. சாதாரண ரப்பர் ஹோஸ் சில வாரத்தில் ஊதிப்போகும். 25 லிட்டர் கீசரில் ஒரு தடவைக்கு 18 லிட்டர் எண்ணெய், 3.6 லிட்டர் மெத்தனால் என்பது சரியான அளவு. இந்தச் சாமான்களைப் பழைய இரும்புக் கடையில் பொறுமையாகத் தேடினால் உங்கள் பத்தாயிரத்துக்குள் அடங்கிவிடும். தயவுசெய்து மிச்சம் பிடிக்கிறேன் என்று தீயணைக்கும் உலர் பொடி சிலிண்டரை விட்டுவிடாதீர்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

எண்ணெய் எப்படி இருக்கிறது என்பதுதான் பாதி வேலை. ஓட்டல் எண்ணெயில் தண்ணீர் இருக்கும். ஒரு கரண்டி எடுத்துச் சூடாக்கினால் சடசடவென்று வெடிக்கும். அப்படியானால் முழு எண்ணெயையும் 60 டிகிரிக்குக் காய்ச்சி ஒரு இரவு தெளியவைத்து, அடியில் தங்கும் தண்ணீரை எடுத்துவிட்டு, மறுபடி 100 டிகிரிக்கு மேல் வெடிப்புச் சத்தம் நிற்கும்வரை வைக்க வேண்டும். இதெல்லாம் மெத்தனால் பக்கத்திலேயே வராத கட்டத்தில். அடுத்து அமிலச் சோதனை. 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெயைக் கலந்து, அதில் இந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் காட்ட ஃபினால்ப்தலீன் சிறந்தது. இல்லையென்றால் மஞ்சள் தூளை ஆல்கஹாலில் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான் இங்கேயும். சிவப்பு அரை நிமிடம் நிலைக்கும்வரை எத்தனை மில்லி போனது என்று பாருங்கள். 3 மில்லி என்றால், லிட்டர் எண்ணெய்க்கு எப்போதும் போடும் 5 கிராமோடு 3 சேர்த்து 8 கிராம் காஸ்டிக் சோடா. 18 லிட்டருக்கு 144 கிராம். பழைய குறிப்புகளில் 5-க்குப் பதில் 3.5 என்று போட்டிருக்கும். வினை முழுமையடைய 5 நல்லது என்பது என் கருத்து. காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) என்றால் கணக்கே வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சோதனையில் வரும் மில்லி எண் 5, 6-ஐத் தாண்டினால் அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள், அது பயோடீசல் ஆவதைவிட சோப்பாகத்தான் ஆகும். புன்னை எண்ணெய் நம் கரையோரம் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: அதில் அமிலம் மிக அதிகம். முதலில் கந்தக அமிலத்தில் ஒரு கட்டம் செய்துதான் இதற்கு வர வேண்டும், அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

வினை நடத்துவது இவ்வளவுதான்: எண்ணெயை 55 டிகிரிக்குச் சூடாக்கி, ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், அதற்கு இடைவெளி வேண்டும். காஸ்டிக்கை மூடியுள்ள கெட்டி பிளாஸ்டிக் கேனில் மெத்தனாலோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும், சூடேறும். காஸ்டிக் டப்பாவை நம் உப்புக் காற்றில் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் கசிய ஆரம்பித்துவிடும், எடைபோட்டதும் மூடிவிடுங்கள். கரைந்ததைப் பம்பின் உறிஞ்சும் பக்கம் வழியாக மெல்ல உள்ளே விட்டு, ஒரு மணி நேரம் சுற்ற விட்டு, ஓர் இரவு அசையாமல் வைத்தால் அடியில் கறுப்பாகக் கிளிசரின் தங்கும். கண்ணாடியும் நீளக் கையுறையும் இல்லாமல் இந்தக் கட்டத்துக்கு யாரும் வர வேண்டாம். வேலை திறந்தவெளியில், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நாம் நின்று.

அடுத்தது கழுவுதல். பெரும்பாலான வீட்டுக் கருவிகள் நம் மாவட்டத்தில் தடுக்கி விழும் இடம் இது. மேலே நிற்கும் பயோடீசலில் சோப்பும் காஸ்டிக்கும் கொஞ்சம் மெத்தனாலும் இருக்கும். அதைத் தண்ணீரால் மென்மையாக மூன்று நான்கு தடவை கழுவ வேண்டும். நம் கிணற்று நீரும் போர் நீரும் உப்பு, கடினம். அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து தயிர்த் திப்பி போல மிதக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. உப்பும் எரிபொருளுக்குள் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுக் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் அதைவிட நல்ல கழுவுநீர் கிடையாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தால் அதுவும் பரவாயில்லை, ஆனால் குடிக்கக் காத்திருக்கும் தண்ணீரை இதற்கு எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கழுவிய பிறகு கண்ணாடி போலத் தெளியும்வரை இளஞ்சூட்டில் சுற்றவிட்டு ஈரத்தைப் போக்க வேண்டும். கழுவிய தண்ணீரும் கிளிசரினும் காரமானவை, மெத்தனால் உள்ளவை. ஓடையிலோ கடலிலோ விட்டுவிட்டு வரலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு எதிரே இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவுகளும் பவளப் பாறையும் கடற்புல்லும். இந்தக் கழிவை எங்கே கொடுப்பது என்று முடிவு செய்யாமல் முதல் பாட்சையே தொடங்காதீர்கள். உரிமம் உள்ள ஆலை ஏதாவது எடுத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சரி, வந்தது நல்ல பயோடீசலா என்று எப்படித் தெரியும்? வீட்டில் இரண்டு சோதனை செய்யலாம். ஒரு பாட்டிலில் சம அளவு தண்ணீரும் பயோடீசலும் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். அரை மணிக்குள் இரண்டும் தெளிவாகப் பிரிந்தால் நல்லது, மோர் மாதிரி நின்றால் சோப்போ மாறாத எண்ணெயோ இருக்கிறது. இன்னொன்று, 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலைக் கலப்பது. அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் வினை முடியவில்லை. இதை 20 டிகிரி அளவில் செய்ய வேண்டும். நம் ஊர் வெயிலில் செய்தால் கெட்டதும் நல்லதாகவே தெரியும், பாட்டிலைக் குளிர்ந்த நீரில் வைத்துச் செய்யுங்கள். இந்த இரண்டும் 'மோசம் இல்லை' என்று சொல்லுமே தவிர, பயோடீசலுக்கான ஐ.எஸ். 15607 என்ற இந்தியத் தரத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். உங்கள் இன்ஜின் இதில் எத்தனை வருடம் உழைக்கும் என்பதையும் எந்தப் பாட்டில் சோதனையாலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

அதனால்தான் வள்ளத்தில் இதை முதலில் ஊற்ற வேண்டாம் என்கிறேன். பயோடீசல் நல்ல கரைப்பான். டேங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும், முதல் சில டேங்குகளில் இது அநேகமாக நடக்கும். கரையில் இன்ஜின் நின்றால் ஃபில்டரை மாற்றிவிட்டுப் போய்விடலாம். பாக் நீரிணையில் இன்ஜின் நின்றால் காற்றும் நீரோட்டமும் வள்ளத்தை எந்தப் பக்கம் இழுத்துப் போகும், எல்லைக்கோடு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று உங்கள் மாமாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடைத்த ஃபில்டருக்காக யாரும் அங்கே படகையும் ஆளையும் பறிகொடுக்க வேண்டாம். முதலில் தண்ணீர் இறைக்கும் இன்ஜினிலோ இறால் பண்ணை ஜெனரேட்டரிலோ, டீசலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்து, ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள். ஃபில்டர், நாசில், இன்ஜின் ஆயில் மூன்றையும் இடையிடையே பார்த்து எழுதி வையுங்கள். மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ ஓடும் வெளிப்பூட்டு மோட்டாருக்கு இது ஆகவே ஆகாது.

ஓட்டல் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். அதிலிருந்து வரும் பயோடீசல் 15 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பிக்கும், குளிர் நாட்டுக்காரர்கள் அதற்குப் பயப்படுவார்கள். மார்கழி வாடையிலும் நம் கரையில் அவ்வளவு குளிர்வதில்லை, இந்தக் கவலை நமக்கு இல்லை. நம் கவலை ஈரம். பயோடீசல் டீசலைவிடப் பல மடங்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கிடந்தால் பிசினாகும், டேங்கின் அடியில் பாசி போல ஒன்று வளரும். எப்போதாவது இந்த எரிபொருள் வள்ளத்துக்கு வந்தால் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நாட்டுப் படகுக்குத் தடை இல்லைதான். ஆனாலும் அப்போது பழுதுபார்க்க வள்ளத்தைக் கரையேற்றினால், அதற்கு முன் டேங்கில் வெறும் டீசலை ஊற்றி ஓட்டி நிறுத்துங்கள்.

கடைசியாகக் கணக்கு. முன்பு ஓட்டல்காரர்கள் இந்த எண்ணெயைச் சும்மா கொடுத்தார்கள். 2018 ஜூலை 1 முதல், பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் கெடும்போது உருவாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி வந்தது. அதே வருடம் 'ரூகோ' என்ற திட்டத்தில், பழைய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கி பயோடீசல் ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடும் தொடங்கியது. ஆக மச்சானின் எண்ணெய்க்கு இன்று ஒரு விலை இருக்கிறது. அந்த விலை, மெத்தனால், காஸ்டிக், மின்சாரம், உரிமச் செலவு எல்லாம் போட்டு, ஒரு லிட்டர் பயோடீசல் டீசலைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவாகச் சக்தி தரும் என்பதையும் கழித்துப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது பங்க் விலையோடு இல்லை, மீனவர்களுக்குக் கிடைக்கும் வரிவிலக்கு டீசல் விலையோடு. எண்ணெய் கொஞ்சமாகவே சேர்கிறது என்றால், அதைச் சேகரிப்பவரிடம் விற்று அந்தப் பணத்தில் டீசல் போடுவதே லாபம் என்று வரும் என்பது என் ஊகம். பல ஓட்டல்களும் சில பண்ணைகளும் சேர்ந்து ஒரே உரிமத்தில் ஒரு கருவி என்றால் கதை மாறும், அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசத் தயார். வாரம் எத்தனை லிட்டர் எண்ணெய், அமிலச் சோதனையில் வந்த மில்லி எண் என்ன, மாமாவின் இன்ஜின் எந்த வகை, இந்த மூன்றையும் எழுதுங்கள் தம்பி. கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.